சிறைசெய் காதையில் காவலும் பழியும்

மணிமேகலையின் இருபத்திரண்டாவது பகுதியாகிய சிறைசெய் காதையை ஊழ்வினைக்குச் சான்றாகக் காட்டுவது உண்டு. அரசின் கடமையை ஆராயும் பகுதியாகவும் அதனைக் கொள்ளல் தகும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

காவிரியில் நீராடி மீளும் மருதியைக் ககந்தன் மகன் தகாதவாறு அழைக்கின்றான். பிழை அவனுடையது. ஆயினும், பிறன் நெஞ்சிற் புகுந்தது தன் கற்பின் குறையென்று மருதி நைகின்றாள். சதுக்கப் பூதமோ, அவள் பிறர் கூறும் கதைகளைக் கேட்டதையும் விழாவை விரும்பியதையும் எடுத்துக் காட்டுகின்றது. முறையிட வந்தவளின் ஒழுக்கமே முதற்கண் ஆராயப்படுகின்றது. எனினும் தண்டம் குற்றவாளியையே சேர்கின்றது. ககந்தன் தன் மகனைத் தானே வாளால் எறிகின்றான்.

இவ்வரலாற்றையும் உதயகுமரன் வெட்டுண்டதையும் மாதவர் உரைக்கக் கேட்ட சோழ வேந்தன், தான் செய்தற்குரிய தண்டத்தைக் காஞ்சனன் செய்தான் என்கின்றான். அரசன் காவலின்றி மகளிர் கற்பு நில்லாது என்பதையும் உணர்ந்தே உரைக்கின்றான். அவ்வாறு உரைத்தவனே, செய்தி பிற வேந்தர் செவிக்கு எட்டுமுன் மணிமேகலையைக் காவலில் வைக்கப் பணிக்கின்றான். இக்காவல் பாதுகாப்பன்றோ எனின், அன்று. ஆணையின் நோக்கம் அரசின் பெயரைக் காத்தலே. அடுத்த காதையில் அரசியால் அவளுக்கு நேரும் இடுக்கண்களும் இதனை வலியுறுத்தும்.

புகாரின் ஒரு பகுதிக்குச் சிலம்பு கூறும் பட்டினப்பாக்கம் என்னும் பெயர் சென்னைக் கடற்கரையிலும் வழங்குகின்றது. அதற்குத் தொலைவில்லாத அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2024 டிசம்பரில் மாணவி ஒருவர் வன்கொடுமைக்கு உள்ளானார். அவரது முறையீட்டின்மேற் பதிவான முதல் தகவல் அறிக்கை, அவர் அடையாளம் புலப்படுமாறு வெளியே கசிந்தது. இத்தகைய அடையாளத்தை வெளியிடுதல் குற்றம் என்னும் விதியோ 1983 முதலே உள்ளது. அறிக்கையின் நடை பாதிக்கப்பட்டவர்மீதே பழி சுமத்துவதாக உள்ளதெனச் சென்னை உயர்நீதிமன்றம் 28-12-2024 அன்று கண்டித்தது. இடைக்கால இழப்பீடாக ரூ. 25 இலட்சம் வழங்கவும், பெண் காவல் அதிகாரியர் மூவர் கொண்ட சிறப்புக் குழு புலனாய்வு செய்யவும் ஆணையிட்டது. 2-6-2025இல் சென்னை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிக்கு 30 ஆண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனை விதித்தது.

ஈரிடத்தும் தண்டம் வந்தது. ஆனால் அதற்கு முன்னரே பழி வந்துவிட்டது. ஆகவே, குற்றவாளியை ஒறுத்தலோடு முறை நிறைவுறாது என்க. முறையீட்டைக் கேட்ட செவியும் அதனை எழுதிய கையும் விடை கூறல் வேண்டும். சதுக்கப் பூதத்தின் சொல்லைக் காப்பியத்தில் வினவுவார் இலர். நம் காலத்தில் காவலர் எழுத்தை வினவுதற்கு ஒரு மன்றம் உண்டு. அவ்வினா ஒரு வழக்கோடு நின்றுவிடாமை நம் பொறுப்பாகும்.