கோடுகளின் மேல் நடப்பவர்கள்

2021இல் பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' வெளிவந்தபோது, குத்துச்சண்டைப் போட்டி ஒன்றை முழுதாக உட்கார்ந்து பார்த்திராதவர்களும் டான்ஸிங் ரோஸைப் பற்றிப் பேசினார்கள். படத்தில் அவன் வருவது கொஞ்ச நேரம்தான். கதாநாயகன் கபிலனிடம் தோற்றும் போகிறான். அவன் விட்ட குத்துகள் எவர் மனத்திலும் தங்கவில்லை. இடுப்பை ஒடித்துக் காலை மாற்றி, எதிராளியின் கை வந்து சேருகிற இடத்தில் அவன் இல்லாமல் போனானே, அதுதான் தங்கியது. பழக்கமில்லாத கண்ணே காலை இவ்வளவு ரசிக்கிறதென்றால், பழகிய கண்ணுக்கு என்னவெல்லாம் தெரியும்? என் கட்சி இதற்கும் ஒருபடி மேலே போகிறது. குத்துச்சண்டையில் ரசிக்கத் தக்கவற்றில் பெரும்பகுதி, கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் மாதம் சொல்லித்தரும் பாடத்திலேயே இருக்கிறது. ரசிகர் கண்ணைப் பழக்க வேண்டிய இடமும் புதியவர்கள் தடுமாறிக்கொண்டிருக்கும் அந்த மூலைதான். உலகப் பட்டப் போட்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பாடம் வெளியிலிருந்து பார்த்தால் சப்பென்றிருக்கும். நாலரை மீட்டர் துணிப்பட்டையை மணிக்கட்டிலும் விரல்முட்டிகளிலும் சுற்றக் கற்றுத்தருகிறார்கள். சுற்றி முடித்த கைக்கு வேலை எதுவும் தருவதில்லை. நிற்கச் சொல்கிறார்கள். வலக்கைப் பழக்கம் உள்ளவருக்கு இடதுகால் முன்னே, வலதுகால் தோளகலம் தள்ளிப் பின்னே; பின்குதிகால் தரையிலிருந்து சற்றே எழும்பியிருக்க வேண்டும், முழங்கால் இளகியிருக்க வேண்டும், மோவாய் தாழ்ந்து, முழங்கைகள் விலாவைக் காக்க வேண்டும். அப்புறம் நடை. முன்னே போக முன்கால் முதலில், பின்னே வரப் பின்கால் முதலில், பக்கவாட்டில் போனால் அந்தப் பக்கத்துக் கால் முதலில். கால்கள் ஒன்றையொன்று தாண்டக் கூடாது, ஒட்டவும் கூடாது. ஒரு வயதில் கற்ற நடையை மறந்தால்தான் இது வரும். அடிக்க வந்தவரை நடக்கவைத்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் குத்தின் பலம் பின்காலின் முன்பாதத்தில் புறப்பட்டு, இடுப்பு திரும்பி, தோள் வழியாகத்தான் முட்டிக்கு வருகிறது. கால் பிசகியிருந்தால் எதிராளிமேல் விழுவது வெறும் கை. கால்கள் குறுக்கிட்டிருக்கும் நொடியில் தோளில் லேசாகத் தட்டினாலே ஆள் சாய்ந்துவிடுவார். நம் சிலம்ப வாத்தியார்களும் காலடியைப் பழக்காமல் கம்பு வீச்சுக்குப் போவதில்லை.

நடைக்கு அடுத்தது ஜாப். முன்கையை நேர்கோட்டில் நீட்டி, கடைசியில் முட்டியைத் திருப்பி, தோளால் மோவாயை மறைத்து, போன வழியிலேயே கையைத் திரும்ப வாங்குவது. சரளி வரிசையை யாரும் கச்சேரியில் பாடுவதில்லை; ஜாபோ பட்டப் போட்டியின் கடைசி ரவுண்டு வரை மேடையை விட்டு இறங்குவதில்லை. லாரி ஹோம்ஸ் 1978 முதல் 1985 வரை ஹெவிவெயிட் பட்டத்தைக் கையில் வைத்திருந்ததற்கு அந்த ஒரு குத்துக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். தூரம் அளப்பது, எதிராளியின் கண்ணை மறைப்பது, அவர் அடிக்கத் தொடங்குமுன் கெடுப்பது, பின்னால் வரும் வலதுகைக்கு வழி திறப்பது என்று அத்தனை வேலையும் அதற்கு. புதியவரின் ஜாபில் இவை ஒன்றும் இருக்காது. ஆனால் அவர் கையைத் திரும்ப வாங்கும்போது அது காதோரத்துக்கு வராமல் இடுப்புப் பக்கம் சரிவதைப் பார்த்துப் பழகிய ரசிகர்தான், பத்தாவது ரவுண்டில் ஒரு சாம்பியனின் கை களைத்து அதேபோலச் சரிவதையும், எதிராளியின் வலதுகை அதற்காகவே காத்திருந்ததையும் கண்டுபிடிப்பார். மற்றவர்களுக்கு நாக் அவுட் வானத்திலிருந்து விழுந்த மாதிரி இருக்கும்.

இதற்குச் சரியான சாட்சி இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், விங்கோபாங்க் பகுதியில் இருந்த ஒரு பழைய தேவாலயக் கூடம். டப்ளினில் பிறந்து, உருக்குத் தொழில் நகரத்துக்கு வேலை தேடி வந்த பிரெண்டன் இங்கிள் அங்கே சிறுவர்களுக்குக் குத்துச்சண்டை கற்றுத்தந்தார், 2018இல் காலமானார். அவருடைய கூடத்தின் தரையில் கோடுகள் வரையப்பட்டிருந்தன. புதிதாக வந்த சிறுவன் அந்தக் கோடுகளின் மேல் முன்னும் பின்னும் நடக்க வேண்டும், இடதுகால் முன்வைத்தும் வலதுகால் முன்வைத்தும். பட்டம் வென்றவர்களும் அதே கோடுகளில்தான் நடந்தார்கள். அவர்களுக்கென்று தனிப்பாடம் கிடையாது. அடுத்த படியான ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், தலைக்கு அடி கிடையாது, உடம்புக்கு மட்டும். அதனால் பள்ளிச் சிறுவன் ஒருவன் தொழில்முறை வீரரோடு ரிங்கில் இறங்கிச் சுற்றிவர முடிந்தது. ஏழு வயதில் அங்கே வந்த நசீம் ஹமீது, 1995 செப்டம்பரில் கார்டிஃபில் ஸ்டீவ் ராபின்சனை வென்று, 21 வயதில் டபிள்யூபிஓ ஃபெதர்வெயிட் பட்டத்தை எடுத்தார். டான்ஸிங் ரோஸைப் பார்த்ததும் ஹமீதின் பழைய காணொளிகளைத் தேடிப் போனவர்கள் சரியான முகவரிக்குத்தான் போனார்கள். ஹமீதுக்கு முன்பே அங்கே உருவானவர் ஹெரோல் கிரஹாம். தொழிலாளர் மன்றங்களில் கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு, என் முகத்தில் ஒரு குத்து விட முடிந்தால் விடுங்கள் என்று சவால் விடுவார். கையே இல்லாமல் குத்துச்சண்டை! எனக்கு ஹமீதைவிடக் கிரஹாமைத்தான் பிடிக்கும், அது ரசனை விஷயம். ஆனால் வாதத்துக்கு வலு சேர்ப்பவர் மூன்றாமவரான ஜானி நெல்சன். தொழில்முறையில் முதல் மூன்று போட்டிகளையும் தோற்றவர். அதே கோடுகளில் ஆண்டுக்கணக்கில் நடந்து, 1999இல் டபிள்யூபிஓ குரூஸர்வெயிட் பட்டத்தை வென்று, பதின்மூன்று முறை அதைக் காத்தார். பிறவித் திறமையைக் காட்டி நெல்சனை விளக்க முடியாது.

இங்கே ஒரு நல்ல மறுப்பு எழும். ஹமீது கையைத் தொங்கவிட்டுச் சண்டையிட்டவர், இரண்டு காலும் தரையை விட்டு எழத் தாவி அடித்தவர். முகமது அலியும் கையைத் தாழ்த்தி, குத்து வரும்போது தலையை நேராகப் பின்னுக்கு இழுத்தவர். எந்த வாத்தியாரும் புதியவரிடம் அதை அனுமதிக்க மாட்டார். மேதைகள் விதியை மீறுகிறார்கள் என்றால் முதல் மாதப் பாடத்துக்கு என்ன மதிப்பு? அலியைப் பார்ப்போம். கையைத் தாழ்த்தும் உரிமையை அவருக்குக் கால்கள் கொடுத்திருந்தன. ராணுவத்தில் சேர மறுத்ததற்காக 1967இல் பட்டம் பறிக்கப்பட்டு மூன்றாண்டுக்கு மேல் மேடை ஏற முடியாமல் போனபோது, கால்களின் வேகம் குறைந்தது. கைகளின் வழக்கம் மாறவில்லை. 1971 மார்ச் 8 அன்று பதினைந்தாவது ரவுண்டில் ஜோ ஃபிரேசியரின் இடது ஹூக் அலியைத் தரையில் கிடத்தியது. ஹமீது 1998இல் இங்கிளை விட்டுப் பிரிந்தார். 2001 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் அவரை எதிர்த்து நின்ற மெக்சிகோவின் மார்கோ அன்டோனியோ பரேரா, முட்டி மோதி அடிப்பவர் என்று பெயர் எடுத்தவர். அன்றிரவு பரேரா கொண்டுவந்தது சின்னச் சின்ன அடிவைப்பு, பொறுமையான ஜாப், நேரம் பார்த்து விட்ட இடது ஹூக். தாவி அடித்துத் தரையிறங்குகிற ஹமீதுக்குக் கால் ஊன்ற நேரமே கிடைக்கவில்லை. தொழில்முறையில் அவருடைய ஒரே தோல்வி அது. விதியை மீறியவர்கள் விழுந்த இடத்தைப் பார்த்தால், கால் தராததை உடம்பு செலவழித்திருப்பது தெரியும்.

இன்னொரு மறுப்பும் உண்டு: காலைப் பற்றியே பேசினால் இது நடனமாகிவிடாதா, அடி எங்கே? பஞ்சிங் பேக் பக்கம் காதைக் கொடுத்தால் பதில் கிடைக்கும். புதியவர் அடித்தால் பை ஊஞ்சல் மாதிரி ஆடும், சத்தம் மொத்தையாக வரும். அவர் பையைத் தள்ளுகிறார். தேர்ந்தவர் அடித்தால் பை இருந்த இடத்திலேயே அதிரும், சத்தம் கூர்மையாகத் தெறித்து உடனே அறுந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டே யாருடைய கால் சரியாக ஊன்றியிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

மூன்றாவது மறுப்பு கனமானது, அதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. குத்துச்சண்டை மூளையைச் சிதைக்கிறது. ஹாரிசன் மார்ட்லேண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928லேயே, அடிபட்டு அடிபட்டுத் தள்ளாடும் வீரர்களின் நிலையை மருத்துவ இதழில் எழுதிவிட்டார். 1982 நவம்பரில் ரே மன்சினியோடு மோதிய தென்கொரிய வீரர் கிம் டுக்கூ சில நாட்களில் இறந்த பிறகுதான் பட்டப் போட்டிகள் பதினைந்து ரவுண்டிலிருந்து பன்னிரண்டாகக் குறையத் தொடங்கின. கிரஹாமின் தற்காப்பும் அவரைக் கடைசிவரை காக்கவில்லை. 1990 நவம்பரில் ஸ்பெயினில் ஜூலியன் ஜாக்சனின் கண்ணை வீங்கவைத்து, வெற்றியின் வாசல் வரை வந்துவிட்டு, நான்காவது ரவுண்டில் ஒரே வலதுகைக் குத்தில் நினைவிழந்தார். இதையெல்லாம் அழகு என்ற சொல்லால் மூட முடியாது. ஆனால் ரசனையை எங்கே வைக்கிறோம் என்பதற்கு இதில் ஒரு பொருள் உண்டு. நாக் அவுட்டை மட்டும் ரசிக்கிற கூட்டம் அடி வாங்குகிற வீரர்களை வளர்க்கும். போட்டி நாட்களைவிடப் பயிற்சி நாட்கள் பல மடங்கு அதிகம் என்பதால், தலைக்கு அடியில்லாத இங்கிளின் ஸ்பாரிங் முறை வெறும் கருணை ஏற்பாடு என்று எனக்குத் தோன்றவில்லை. தலையில் அடிபடும் பயமில்லாத சிறுவனுக்குத்தான் கோணம் மாற்றிப் பார்க்கத் துணிச்சல் வரும். அந்தக் கூடத்தின் வழுக்கும் அழகு பிறந்ததில் அந்தத் துணிச்சலுக்கும் பங்கு உண்டு.

ஆகவே கூடம் தேடுகிறவர்கள் சுவரில் மாட்டியிருக்கும் பதக்கங்களையும் படங்களையும் கொஞ்சம் தள்ளிவைத்து, ஒரு மாலை முழுக்க ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம். மூன்று நிமிட ரவுண்டுக்கு மணி அடித்ததும் வாத்தியாரின் கண் எங்கே போகிறது? புதியவர்களை முதல் நாளே கையுறை மாட்டிப் பையை அடிக்கவிடுகிறாரா? சேர்ந்து சில வாரமே ஆனவரைத் தலைக்கவசம் போட்டுப் பழைய ஆளோடு மோதவிட்டுச் சுற்றி நின்று சிரிக்கிறார்களா? அப்படியென்றால் கட்டணம் கட்டாமல் எழுந்து வந்துவிடலாம். ரிங்கில் நடக்கும் ஸ்பாரிங்கை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே, கண்ணாடி முன் ஷேடோ பாக்ஸிங் செய்யும் பதினைந்து வயதுப் பெண்ணின் பின்குதிகால் தரையில் படிந்துவிட்டதை அங்கிருந்தே கத்திச் சொல்கிற ஆளாக அவர் இருந்தால், அங்கே சேரலாம்.