வாக்கும் வீடும்: மாத்தளை மாவட்டத்தை முன்வைத்து ஒரு நோக்கு

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் முதலிரண்டையும் உழைப்பாளி அன்றாடம் சிறுகச் சிறுகத் தேடிக்கொள்ளலாம். உறையுளை அவ்வாறு தேட இயலாது. அதற்கு நிலம் வேண்டும். நிலத்துக்கு உறுதி வேண்டும். உறுதியின் பேரிற் கடன் வேண்டும். இம்மூன்றும் அற்றவனே நகர்ப்புற வறியவன். ஆதலின் அவன் அரசை நாடுகின்றான். அவ்வழியில் அவன் முதலிற் காண்பது அரசியல்வாதியின் வாயிலேயாகும். அவ்வாயில் எவர்க்குத் திறந்தது, எவர்க்கு அடைபட்டது என்பதை மாத்தளை மாவட்டத்தை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையில் வீடமைப்பு ஓர் அரசியற் கோஷமாக உருப்பெற்றது 1970களிலாகும். 1973 ஆம் ஆண்டின் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம், இருக்கும் வீடுகளைப் பகிர முனைந்தது. குத்தகைக்காரர் பலர் அதனால் உரிமையாளராயினர். குத்தகைச் சீட்டும் இல்லாத குடிசைவாசிக்கு அதனால் விளைந்த பயன் சிறிது. 1977 இன் ஆட்சி மாற்றத்தின் பின் ரணசிங்க பிரேமதாச வீடமைப்புத் துறையைத் தம் பொறுப்பில் ஏற்றார். 1978 இல் இலட்சம் வீடமைப்புத் திட்டமும், 1984 இற் பத்து இலட்சம் வீடமைப்புத் திட்டமும், அவர் சனாதிபதியான பின்னர் 1990 இற் பதினைந்து இலட்சம் வீடமைப்புத் திட்டமும் தொடங்கப்பட்டன. தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகாரசபை 1979 இல் நிறுவப்பட்டது. 1987 ஆம் ஆண்டை வீடற்றோர்க்கான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை பிரகடனஞ் செய்தமைக்கும் இலங்கையின் முன்மொழிவே தோற்றுவாயாயிற்று.

இத்திட்டங்களை வெறுங் கண்துடைப்பெனத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. ஓலைக் கூரையின்கீழ் வாழ்ந்த பல்லாயிரம் குடும்பங்கள் ஓட்டுக் கூரையைக் கண்டன. அரசு கட்டிக்கொடுக்க மக்கள் குடிபுகுதல் என்ற நிலை மாறி, சிறு கடனைப் பெற்று மக்களே கட்டிக்கொள்ளுதல் என்ற நிலை 1984 இன் பின் வலுப்பெற்றது. வறியவனின் உழைப்பையும் அறிவையும் மதித்த மாற்றம் இது.

எனினும், வீடு கட்டப்பட்டதா என்பது ஒரு வினா. எவர்க்குக் கட்டப்பட்டது என்பது வேறொரு வினா. இலட்சம் வீடமைப்புத் திட்டத்தின் கிராமியப் பகுதி தேர்தற் தொகுதியை அலகாகக் கொண்டது. பயனாளிகளைத் தெரிவதிற் பாராளுமன்ற உறுப்பினரின் சொல்லே ஓங்கி நின்றது. அதே ஆட்சியில் வேலைவாய்ப்புக்கான படிவங்களும் உறுப்பினர் கையாலேயே வழங்கப்பட்டமையை நோக்குமிடத்து, இது தற்செயலன்று, ஓர் ஆட்சிமுறை என்பது புலனாகும். அநுராதபுர மாவட்டத்தின் குக்குலேவ என்னும் கிராமத்தை ஆராய்ந்த மானிடவியலாளர் ஜேம்ஸ் புரோ, கிராம எழுச்சித் திட்டத்தின் வீடுகள் ஆளுங்கட்சி ஆதரவாளரைச் சென்றடைந்தமையால் ஒரே உறவுக் கூட்டம் இரண்டாகப் பிளவுண்டதைத் தமது 1996 ஆம் ஆண்டு நூலில் விளக்கியுள்ளார். வீடு பெற்றவன் நன்றிக்கடன் பட்டவனானான். பெறாதவன் அயலவனைப் பகைத்தான். கொடுத்தவரைக் கேள்வி கேட்பார் எவருமிலர்.

மாத்தளையில் இம்முறை மேலுமொரு கொடுமையைத் தன்னுள் மறைத்து வைத்திருந்தது. இம்மாவட்டம் தம்புள்ளை, லக்கல, மாத்தளை, றத்தோட்டை என நான்கு தொகுதிகளைக் கொண்டது. தேர்தற் தொகுதிகள் வாக்காளர் தொகையை மட்டுமன்றி, முழுக் குடித்தொகையையும் நிலப்பரப்பையும் கருத்திற்கொண்டே வகுக்கப்பட்டன. ஆகவே, 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரும், தொகுதிகளை எண்ணுகையில் தலைகளாக எண்ணப்பட்டனர். வாக்களிக்கும் நாளில் அவர்கள் எண்ணப்படவில்லை. வீடு பகிரும் நாளிலும் எண்ணப்படவில்லை. தொகுதிக்குச் சமபங்கு என்பது கேட்பதற்கு நீதியாகத் தோன்றும். ஆனால் தொகுதிகளுக்கிடையிலான சமத்துவம் வீடற்றோருக்கிடையிலான சமத்துவமன்று. வாக்கு நாணயமாகிய சந்தையில், வாக்கற்றவன் வெறுங்கையன்.

இந்த வெறுங்கையனே நகருக்கும் வந்தான். 1970களின் உணவுத் தட்டுப்பாடும் தோட்டத் தேசியமயமாக்கத்தின் சீர்குலைவும் வேலைநாட்களைக் குறைக்க, மலையகத்திற் பலர் லயன்களைவிட்டுப் பட்டினங்களின் ஓரங்களிற் கூலிகளாக ஒதுங்கினர். நகரசுத்தித் தொழிலாளர்க்கென அமைக்கப்பட்ட பழைய லயன்களும் அந்நகரங்களில் உண்டு. இம்மக்கள் தோட்டத் திட்டங்களுக்கு நகரவாசிகள். நகரத் திட்டங்களுக்கு உறுதியற்ற அத்துமீறிய குடியிருப்பாளர்.

1988, 2003 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்றோர் நிலைக்கு முடிவுகட்டின. வாக்கு வந்தபின் வாயிலும் திறந்திருக்க வேண்டுமன்றோ? முற்றாகத் திறக்கவில்லை. 1989 முதல் விகிதாசார முறை நடைமுறைக்கு வந்து, மாத்தளை ஐந்து உறுப்பினரைக் கொண்ட ஒரே மாவட்டமாயிற்று. நுவரெலியாவைப்போலத் தமிழ் வாக்குகள் இங்கு செறிந்தில்லை. மலையகக் கட்சிகளின் தலைவர்கள் அமைச்சர்களாகும்போது வீடும் அவர்தம் வாக்குச் செறிவை நோக்கிச் செல்வது இயல்பே. தோட்டங்களிலோ தொழிற்சங்கமே கட்சி, கட்சியே தொழிற்சங்கம். சந்தாப் பத்திரம் வாக்குச் சீட்டின் இடத்தைப் பிடிக்கின்றது. சிங்களப் புரவலருக்குப் பதிலாகத் தமிழ்ப் புரவலர் வருதலை விடுதலையெனக் கொள்ளல் தகாது.

2020 இல் ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் பிரிவுக்கும் ஒரு வீடு என நாடெங்கும் 14,022 வீடுகள் அறிவிக்கப்பட்டன. அலகு சிறுத்ததேயன்றித் தர்க்கம் மாறவில்லை. நெருக்கமான நகரப் பிரிவுக்கும் ஒன்று, ஐதான காட்டோரப் பிரிவுக்கும் ஒன்று எனின், அங்கே அளக்கப்படுவது தேவையன்று, விளம்பரமே.

அரசியல்வாதி இல்லாவிடின் அதிகாரியின் மேசையில் வறியவனின் மனு உறங்கிவிடுமே என்பர் சிலர். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. படிவம் நிரப்ப அறியாதவனுக்காகப் பேசும் ஒருவர் தேவையே. ஆயின் பரிந்து பேசுவது வேறு, பங்கிட்டளிப்பது வேறு. முன்னது மக்கள் பிரதிநிதியின் கடமை. பின்னது அவர் கையில் இருத்தல் ஆகாது. வீடற்றோர் பட்டியல் ஒவ்வொரு பிரிவிலும் பகிரங்கமாக ஒட்டப்படல் வேண்டும். முந்துரிமைக்கான காரணம் எழுதப்படல் வேண்டும். வீட்டுக்கு முன்னரே நில உறுதி கைக்குக் கிடைத்தல் வேண்டும். தோட்டக் குடியிருப்புகளுக்குச் சேவையாற்றுவதில் 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் இட்ட தடை 2018 ஆம் ஆண்டின் திருத்தத்தால் நீங்கியது. ஆதலால் அச்சபைகளிடமே இதனைக் கேட்கும் உரிமை இன்று மக்களுக்கு உண்டு.

உறுதியற்ற வீடு எவரோ ஒருவரின் தயவு; தயவால் வந்தது தயவு நீங்கப் போகும். வீடமைப்பு, தேர்தல் மேடையின் வரமாக இருக்கும்வரை வறியவன் பக்தனாகவே இருப்பான். அது சட்டத்தின் உரிமையாகும்போதே அவன் குடிமகனாவான்.