கோப்பை சொல்லும் சொல்

பள்ளி விளையாட்டு விழாக்களில் ஓடிய குழந்தைகள் அனைவருக்கும் கோப்பை வழங்கும் வழக்கம் நம்மிடையே பரவி வருகிறது. ஒரு குழந்தையும் வெறுங்கையோடு வீடு திரும்பலாகாது என்னும் கனிவே இதற்குக் காரணம். அக்கனிவைப் பழிப்பதற்கில்லை. ஆயினும் அது தேர்ந்துகொண்ட வழி நேரியதுதானா என்று நாம் ஆராய்தல் வேண்டும்.

வெற்றியைவிடப் பங்கேற்பே பெரிது என்னும் கருத்து ஒரு மறையுரையோடு தொடர்புடையது. 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் போட்டிகளின்போது, அமெரிக்க ஆயர் எத்தல்பர்ட் டால்பட் அங்குள்ள புனித பவுல் பேராலயத்தில் உரையாற்றினார். அழிந்துபோகும் வெற்றி வாகையைக் குறித்துப் பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதியதை நினைவூட்டி, பரிசைவிட விளையாட்டே மேலானது என்றார். நவீன ஒலிம்பிக்கை நிறுவிய கூபெர்த்தென் சில நாள்களில் அதை எடுத்தாள, அக்கருத்து உலகெங்கும் பரவிற்று. ஆனால், வாகை சூடுபவர் ஒருவரே என்பதை அந்த ஆயர் மறுக்கவில்லை. போட்டியின் மகிழ்ச்சி எல்லாருக்கும் உரியது என்றே கூறினார். நாமோ மகிழ்ச்சியைப் பகிர மறந்து, வாகையைப் பங்கிட்டுக் கொண்டிருக்கிறோம்.

ஒலிம்பிக்கில் பங்கேற்போர் அனைவருக்கும் நினைவுப் பதக்கம் உண்டு. எனினும் அதை எவரும் வெற்றிப் பதக்கம் என்பதில்லை. 1984இல் லாஸ் ஏஞ்சல்சில், 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு பிந்தியதால் வெண்கலத்தை இழந்து நான்காமிடம் பெற்றார். நாடு அவரை இன்றும் போற்றுவது அவர் ஓடிய ஓட்டத்துக்காகவே.

குழந்தைகள் ஏமாளிகள் அல்லர். முந்தியவர் யார், பிந்தியவர் யார் என்பதைக் களத்திலேயே அறிவர். இருவருக்கும் ஒரே கோப்பையைக் கொடுத்தால், கடைசியாய் வந்த சிறுமி அதை நம்புவதில்லை. முதலில் வந்தவள் அதை மதிப்பதில்லை. பெரியோரின் பாராட்டு நம்பத்தக்கதன்று என்னும் பாடத்தையே இருவரும் கற்கின்றனர்.

சிற்றூர்ப் பள்ளிகளில் இதனினும் பெரிய குறையொன்று உண்டு. நன்றாக ஓடும் சிலரையே தேர்ந்தெடுத்துக் களத்தில் இறக்குகிறோம், ஏனையோர் கைதட்டுகின்றனர். தேர்வு நெருங்கினால் உடற்கல்வி வகுப்பும் கணக்குப் பாடத்துக்குப் போய்விடுகிறது. ஆண்டு முழுவதும் மறுத்ததை ஒருநாள் கோப்பை ஈடுசெய்யுமா?

உத்திரமேரூர்க் கோயிற் சுவரில், பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டை நாம் அறிவோம். தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டனர். எடுக்கப்பட்ட ஓலைக்குரியவரே பொறுப்பேற்றார். குடத்தில் இடம் பெறுவது ஒன்று, தேர்வு பெறுவது மற்றொன்று என்பதில் அவர்களுக்குக் குழப்பமில்லை. அன்று நிலமும் வயதும் கல்வியும் பார்த்தே ஓலை எழுதினர். குழந்தைகளின் களத்திலோ அத்தகைய தடையேதும் வேண்டா. ஒவ்வொரு பெயரும் குடத்தில் விழ வேண்டும்.

ஆகவே முதற்கோப்பை முந்தியவருக்கே உரியதாகட்டும். கோப்பைகளுக்குச் செலவிடும் பணத்தில் பந்தும் தாண்டு கயிறும் வாங்குவோம். ஓடி முடித்த ஒவ்வொரு குழந்தையையும் பெயர் சொல்லி அழைத்து, சென்ற ஆண்டைவிட எத்தனை விநாடி முன்னேறியிருக்கிறாய் என்று கூறுவோம். அச்சொல்லைக் குழந்தை நம்பும், அது உண்மையாதலின்.