நற்செய்தியும் சைவ அகநோக்கும்: இராமநாதன் உரைகள் பற்றிய ஒரு மதிப்பீடு

ஒரு சமயத்தின் மறைநூலைப் பிறிதொரு சமயத்தவர் எவ்வாறு பயிலுதல் கூடும் என்னும் வினா ஈழத்துத் தமிழர்க்குப் புதியதன்று. பீற்றர் பேர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்புப் பணிக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1854இல் வெளிவந்த ‘சைவதூஷண பரிகார’த்தில் அவ்விவிலியத்தையே சான்றாக்கி, இஸ்ரவேலரின் ஆலய வழிபாட்டிற்கும் சைவக் கிரியைகளுக்குமுள்ள ஒப்புமையை நிறுவினார். அது தன் சமயத்தைக் காக்க எழுந்த வாசிப்பு. ஆங்குச் சொற்கள் நேர்ப்பொருளிலேயே கொள்ளப்பட்டன.

சேர். பொன்னம்பலம் இராமநாதன் வேறு வழி சென்றார். ‘ஸ்ரீ பரானந்தா’ என்னும் பெயரில் மத்தேயு (1898), யோவான் (1902) ஆகிய நற்செய்திகளுக்கு அவர் கண்ட ஆங்கில உரைகள் இலண்டனில் வெளியாயின. இறையரசு என்பது வருங்காலத்து நிகழ்ச்சியன்று. பற்று நீங்கிய ஆன்மா தன்னுள்ளே எய்தும் அருள்நிலை என்பது இவ்வுரைகளின் அடிநாதம். பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளை அறிந்த சைவர் இவ்வுரைகளின் வழியே விவிலியத்துட் புகும்போது அங்கு அந்நியராய் உணரார். விவிலியத்தின் வரலாற்றுண்மை பற்றிய ஐயங்களால் அலைப்புண்ட மேனாட்டார்க்கும் அவை ஆறுதலளித்திருத்தல் இயல்பே.

ஆயினும், இவ்வுறவின் விலை யாது? யோவான் நற்செய்தியின் முதலதிகாரம் தெய்வ வார்த்தை மானிட உடல் தாங்கியமையைப் பேசுகின்றது. கிறித்தவர்க்கு அவ்வுடல் உருவகமன்று. உரோம ஆட்சியிற் சிலுவையில் துன்புற்ற உடல். இறைவன் கருவிற் பிறவான் என்பதோ சித்தாந்தத் துணிபு. குறியீட்டுப் பொருள்கோள் இவ்வேறுபாட்டைத் தீர்ப்பதில்லை, மறைக்கின்றது. விருந்தினராய் நுழைந்தவர் வீட்டுக்காரரின் துயரைக் கேளாது, தம் வீட்டையே அங்கும் காண்பது போன்றது அது.

இனி, அகத்தில் எய்தும் அருள் புறவுலகில் யாரை உறவினராக்குகின்றது என்பதும் வினாவற்பாலது. டொனமூர் ஆணைக்குழுவினர் 1928இல் சர்வசன வாக்குரிமையை விதந்துரைத்தபோது, இராமநாதன் அதனை எதிர்த்தார். ஆன்மாக்கள் யாவற்றுக்கும் உரிய பேற்றைப் போதித்தவர், மாந்தர் யாவர்க்கும் உரிய வாக்கினை ஏற்கவில்லை. இதற்கு அவர்தம் வர்க்கநிலையும் காலச்சூழலும் காரணங்களாகலாம். எனினும், மறைநூலின் ஏழையை ஆன்மிக வறுமையின் குறியீடாக மட்டும் காணும் வாசிப்பு, வாயிலில் நிற்கும் ஏழையைக் காணாது விடுதல் கூடும் என்பதற்கு இது தக்க எச்சரிக்கையாகும்.

இவ்வுரைகள் புறக்கணிக்கத்தக்கன என்பது எமது கருத்தன்று. சமய வாதங்களாற் பிளவுண்டிருந்த நாட்டில், மாற்றார் மறையை அன்புடன் திறந்த துணிவு அவற்றின் நிலைத்த பெருமை. குறியீடு ஒரு வாயில். அதனூடு உட்புகுந்தவர் அவ்வீட்டார் சொல்வதையும் செவிமடுத்தாலன்றி, அங்குப் பெற்ற அமைதி முழுமையான உறவாகாது.