கரையோடு நின்றுவிடும் சரித்திரம்

மருது சகோதரர்களைப் பற்றித் தமிழில் வந்துள்ள நூல்களைப் படிக்கும்போதெல்லாம் ஒரு குறை நம்மை உறுத்துகிறது. 1801 அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்குமரம் நிறைவேற்றிய கொடுமையோடு பெரும்பாலோரின் பேனா ஓய்ந்துவிடுகிறது. 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து புறப்பட்ட கப்பலுக்கு அவர்கள் ஒதுக்குவது ஒரு வரி. தாராள மனத்தினராயின் ஒரு பத்தி.

'அட்மிரல் நெல்சன்' என்பது அக்கப்பலின் பெயர். எழுபதுக்கும் மேற்பட்ட கிளர்ச்சியாளர்கள் அதில் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டனர். சின்ன மருதுவின் இளம் மகன் துரைச்சாமியும் அவர்களுள் ஒருவர்.

இக்கதையின் அடுத்த ஏட்டை எழுதியவர் நம்மவர் அல்லர். கும்பினிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுத் தந்தவர் சின்ன மருதுவே என்று 1830இல் வெளிவந்த தம் நினைவு நூலில் அவர் ஒப்புக்கொள்கிறார். பின்னர் அந்த ஆசானையே எதிர்த்துப் போரிட்டவரும் அவர்தாம்! 1818இல் பினாங்கு சென்றபோது தளர்ந்துபோன கிழவர் ஒருவர் எதிரில் வந்து நிற்கிறார். பெயர் கேட்கிறார் வெல்ஷ். துரைச்சாமி என்று விடை வருகிறது.

வெல்ஷ் மனம் கலங்கியதை நாம் ஐயுறவில்லை. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாடு கடத்தப்பட்டுப் பதினாறே ஆண்டுகள். அந்தக் 'கிழவருக்கு' வயது முப்பதைச் சற்றே கடந்திருக்கும். அந்தப் பதினாறு ஆண்டுகள் எப்படிக் கழிந்தன என்பதை எழுதாமலே வெல்ஷ் ஏட்டைப் புரட்டிவிடுகிறார். நம் புனைகதையாளர்களேனும் அதை எழுதியிருக்க வேண்டாமா? இராமநாதபுரத்து ஆய்வாளர் எஸ்.எம். கமால் அவர்கள் ஆவணங்களைத் துருவி 'மாவீரர் மருதுபாண்டியர்' நூலைத் தந்த பின்னரும் நாவல் உலகம் நெடுங்காலம் அசையவில்லை என்பதே நம் வருத்தம்.

நம் சமுதாயத்து எழுத்தாளர்களும் இதில் விலகி நிற்க இயலாது. பினாங்கு என்றதும் நாம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைப் பெருமையோடு எழுதுகிறோம். அதை நிறுவிய காதிர் முகைதீன் அவர்களைப் போற்றுகிறோம். போற்றத்தக்கவரே. அப்பள்ளியின் தொடக்கம் 1801. அதாவது, மறு ஆண்டு சிவகங்கைச் சீமையார் கைதிகளாகக் கரையிறங்கிய ஊரில், தமிழ் பேசும் முஸ்லிம்கள் முன்னரே கடைவைத்து, தொழுது, வாழ்ந்து கொண்டிருந்தார்கள். இந்தியாவிலிருந்து சென்ற கைதிகள் அத்தீவில் சாலை போட்டார்கள். வேலைத்தளத்தில் நிற்கும் கைதியின் காதில், வழியே செல்லும் மரக்காயர் ஒருவரின் பேச்சு விழுந்தால்? நம் மலாயாக் கதைகளில் அந்தக் காட்சியை நாம் இன்னும் படிக்கவில்லை.