ஒரு நூலும் இரு கையும்

இரட்டைப்புலவர் வரலாற்றைக் கேளாத தமிழ் மாணாக்கர் அரியர். ஒருவர் முடவர்; மற்றவர் குருடர். வெண்பாவின் முன்னிரண்டடியை ஒருவர் தொடங்கப் பின்னிரண்டடியை மற்றவர் முடிப்பர் என்பது செவிவழிச் செய்தி. ஈண்டுப் பங்கீடு எளிது. அடி எண்ணப்படுவதாதலின் பாதி இதுவெனச் சுட்டலாம். நாவலுக்கு அத்தகைய எல்லை யாதுமில்லை. இருவர் கூடி ஒரு நாவலை இயற்றுவரேல் யார் செய்தது யாது? சென்ற ஆண்டு உயர்தர வகுப்பில் மாணவனொருவன் இவ்வினாவை எழுப்பி, "ஒருவர் கதையைச் சொல்ல மற்றவர் எழுதியிருப்பார், சேர்" என்று தானே விடையும் கூறி அமர்ந்தான். அவ்விடை எனக்கு அமைதி தரவில்லை.

அவன் கூறியதற்கு அண்மையில் நிற்பது பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாந்தர் தூமாவும் ஒகுஸ்ற் மக்கேயும் நடத்திய கூட்டு. மக்கே (1813–1888) வரலாறு கற்பித்த ஆசிரியர். அவர்பால் எனக்குச் சிறிது பட்சம் உண்டென்பதை முதற்கண்ணே ஒப்புக்கொள்கின்றேன். அவர் எழுதிய சிறு நாவலொன்றை ஏற்பாரிலர். தூமா அதனை வாங்கிப் பன்மடங்கு விரித்துப் பெருநூலாக்கினார். 1842இல் அது நூலுருப் பெற்றபோது தூமாவின் பெயர் மட்டுமே அதிற் காணப்பட்டது. விலைபோகும் பெயர் ஒன்றிருக்க அறியப்படாத பெயரை அதனோடு சேர்ப்பதற்குப் பத்திரிகை முதலாளி இசைந்திலர். அன்று தொடங்கிய வழக்கம் பின்னர் நிலைபெற்றுவிட்டது. 1844இல் வெளிவந்த 'மூன்று மஸ்கற்றியர்'க்கும், அடுத்து வந்த 'மொன்ரே கிறிஸ்ரோ கோமக'னுக்கும் மக்கே உழைத்தார். பழைய நினைவேடுகளைத் துருவிச் செய்தி திரட்டல், நிகழ்ச்சிகளை நிரல்படுத்தல், முதல் வரைவு எழுதல் ஆகியன அவர் பங்கு. அவ்வரைவை முன்வைத்துக்கொண்டு மீண்டும் எழுதியவர் தூமா.

அங்ஙனமாயின் நாவல் யாருடையது? 1919இல் குஸ்தாவ் சிமோன் என்பார் மக்கேயின் உரிமையை நிலைநாட்டக் கருதி ஒரு நூல் வெளியிட்டார். மிலேடி என்னும் கொடியவள் கொலைத்தண்டம் பெறும் அதிகாரத்தின் மக்கே வரைவை அதில் எடுத்துக்காட்டினார். விளைந்ததோ அவர் கருதியதற்கு மாறு. இரண்டையும் ஒப்புநோக்கியோர் பலரும், நிகழ்ச்சி மக்கேயிடம் உண்டு, உயிர் தூமாவிடம் உண்டு என்றே தீர்த்தனர். உரையாடலும் மெய்ப்பாடும் தூமா கைபட்டே மலர்ந்தன என்பது மெய். எனினும், இத்தீர்ப்பில் ஓர் அவசரம் இருக்கின்றது. எந்த வேளையில் எவர் எங்கே வந்து நிற்பர் என்பதை முன்னரே ஒருவர் வகுத்துத் தந்தமையாலன்றோ மற்றவர் உரையாடலில் மனங்கொள்ள முடிந்தது? நாள்தோறும் பத்திரிகைக்குப் பகுதி அனுப்ப வேண்டிய நெருக்கடியில், அடுத்து யாது நிகழும் என்னும் கவலை நீங்குதல் சிறு கொடையன்று. கட்டடத்தைப் புகழ்வார் அத்திவாரத்தை நோக்குவதில்லை.

மக்கே 1845இல் தம் உரிமையைத் துறந்து கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்தார். பின்னர் மனம் மாறி வழக்காடினார். 1858இல் நீதிமன்றம் அவருக்குப் பணத்தில் ஒரு பங்கு அளித்தது. நூலின் முகப்பிற் பெயரை அளித்திலது. வியப்பு யாதெனின், இவர்தம் கதைகள் நாடகமாகி மேடையேறியபோது மக்கேயின் பெயரும் அறிவிக்கப்பட்டமையே. ஒரே உழைப்பு, மேடையில் இருவர், நூலில் ஒருவர்!

இதற்கு முற்றிலும் வேறான கூட்டு அயர்லாந்திலே தோன்றிற்று. எடித் சொமவில் (1858–1949), மாட்டின் றொஸ் என்னும் புனைபெயர் பூண்ட வயலட் மாட்டின் (1862–1915) ஆகிய இருவரும் உறவினர், 1886இற் சந்தித்தனர். இவர்களிடையே வரைவாளர், விரிப்பாளர் என்னும் பாகுபாடு இல்லை. வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லி, வாதாடி, இருவரும் உடன்பட்ட பின்னரே தாளில் ஏற்றினர். எழுதுகோல் அவ்வேளை எவர் கையில் இருந்தது என்பது அவர்களுக்குப் பொருட்டன்று. திறனாய்வாளர் அன்ட்ரூ லாங் ஒருமுறை மாட்டினைக் கண்டு, எழுதும் வேலை உம்முடையதுதானே என்னும் கருத்துப்பட வினவினார். அவரும் றைடர் ஹகாட்டுடன் சேர்ந்து 1890இல் ஒரு நாவல் வெளியிட்டவரே. ஆயினும், இருவர் சமமாக ஒன்றைப் படைத்தல் கூடும் என்பதை நம்ப அவருக்கு அரிதாயிற்று. என் மாணவனின் தவறு பெரியோர்க்கும் உரியதே போலும்.

இவர்தம் நூல்களுட் சிறந்தது 1894இல் வந்த 'உண்மைச் சார்லட்' என்பது என் துணிபு. சார்லட் அழகிலள்; அறிவுடையாள்; நிலத்தாசையும் நிறைவேறாத காதலும் சேர்ந்து வஞ்சகியாயினாள். ஆசிரியர் அவளை எள்ளி நகையாடுகின்றனர். அந்நகை அடங்குமுன்னரே அவள்மீது இரக்கம் பிறக்கின்றது. எள்ளல் ஒருவருடையது, இரக்கம் மற்றவருடையது எனப் பிரிக்க முயன்று பலமுறை படித்தேன், தையல் காணப்படவில்லை. ஒருவரே எழுதியிருப்பின் அவளை வெறுத்தோ மன்னித்தோ முடித்திருப்பர் என எண்ணுகின்றேன். உடன்பட மறுக்கும் ஒருவர் அருகிருந்தமையால் இரண்டும் செய்ய இயலாது போயிற்று. அந்தத் தடையே சார்லட்டை மெய்யான மனுஷியாக்கிற்று. தூமாவுக்கு மக்கே தடையாக நின்றவரல்லர். பொருள் தந்து ஒதுங்கியவர். 'மஸ்கற்றிய'ரில் விரைவு உண்டு, மகிழ்ச்சி உண்டு. சார்லட்டுக்கு நிகரான ஓருள்ளம் இல்லாமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

1915இல் மாட்டின் இறந்தார். சொமவிலோ தொடர்ந்து இரு பெயரிலுமே நூல்களை வெளியிட்டார். இறந்த தோழி ஆவியாக வந்து உடனிருந்து உதவுகின்றாள் என்பது அவர் நம்பிக்கை. அதனை நாம் ஏற்க வேண்டுவதில்லை. ஆயின் 1925இல் வந்த 'இன்வர் பெருமனை' என்னும் நாவலுக்கு வித்து, பாழடைந்த பெருவீடொன்றைக் கண்ட மாட்டின் 1912இல் எழுதிய ஒரு கடிதமாகும். அக்கடிதத்தின் பொருட்டே அவர் பெயர் முகப்பில் நிற்றல் தகும் என்பேன். தகுமாயின், கடிதமன்று, முழு வரைவுகளையே எழுதிக் கொடுத்த மக்கேயின் பெயரை என் செய்வது?

2002இல் தூமாவின் உடல் பாரிசுப் பந்தியோனுக்கு அரச மரியாதையுடன் மாற்றப்பட்டது. அதே நகரின் பேர் லாசேஸ் இடுகாட்டிலே உள்ள மக்கேயின் கல்லறையில், முகப்பில் அவர் பெயரின்றி வந்த நாவல்களின் தலைப்புகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன.