பாடநூலின் ஓரமும் பிள்ளையின் குரலும்
வன்னியில் ஆங்கிலங் கற்பித்தல் பற்றிய ஒரு நோக்கு

ஈழத்தில் ஆங்கிலங் கற்பித்தல் பற்றி எழுதப்பெற்ற நூல்களுள், ஏ. சுரேஷ் கனகராஜா எழுதி 1999இல் வெளிவந்த, 'ஆங்கிலக் கற்பித்தலில் மொழி ஏகாதிபத்தியத்தை எதிர்த்தல்' எனப் பொருள்படும் ஆங்கில நூல் தனியிடம் பெறுவதாகும். ரொபேட் பிலிப்சன் 1992இல் வெளியிட்ட 'மொழி ஏகாதிபத்தியம்' என்ற நூல், ஆங்கிலம் உலகெங்கும் பரவியமைக்குப் பின்னாலுள்ள அதிகார நலன்களை ஆராய்ந்தது. கனகராஜாவோ வகுப்பறைக்குள் நுழைந்து, அவ்வதிகாரத்தின் முன் மாணவர் உண்மையில் என்ன செய்கின்றனர் என வினவினார். அவ்வினா வன்னிப் பெருநிலப்பரப்பின் வகுப்பறைகளுக்கும், அண்மையில் அவற்றோடு சேர்ந்துகொண்ட இணையவழிக் கற்பித்தலுக்கும் எவ்வளவு பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் அவர் தாமே கற்பித்த முதலாண்டு வகுப்பொன்று நூலின் முக்கிய சான்றாகும். அங்குப் பயன்பட்ட 'அமெரிக்கன் கேர்ணல் லெசன்ஸ்' என்னும் பாடநூலின் கதைகளும் படங்களும் அமெரிக்க வாழ்வைச் சார்ந்தவை. வெளியே போர் நடந்துகொண்டிருந்தது. மாணவர் பக்க ஓரங்களில் எழுதியும் வரைந்தும் வைத்தவற்றைக் கனகராஜா திரட்டி நோக்கினார். பாடத்தில் இடம்பெறாத அவர்களுடைய உலகம், காதற் குறிப்பாகவும் கேலிச் சித்திரமாகவும் அரசியல் முழக்கமாகவும் அவ்வோரங்களில் இருந்தது. ஆயினும் அதே மாணவர் ஆங்கிலத்தை வெறுத்தாரல்லர்; இலக்கணத்தை ஒழுங்காகக் கற்பித்துத் தேர்வுக்கு ஆயத்தஞ் செய்வதையே விரும்பினர். எதிர்ப்பும் விருப்பும் ஒருங்கே நின்ற இந்நிலையை மறையாது காட்டியமை நூலின் வலிமையாகும்.

எனினும் யாழ்ப்பாண வகுப்பறையிற் கண்ட முடிவுகளை வன்னிக்கு அப்படியே கொண்டு செல்லல் தகாது. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தோன்றிய குடாநாட்டில் ஆங்கிலக் கல்விக்கு நீண்ட மரபுண்டு. பயிர்ச்செய்கையையும் குடியேற்றத் திட்டங்களையும் சார்ந்து வளர்ந்த வன்னிக்கு அத்தகைய மரபு வாய்க்கவில்லை. 1990இன் பின் மின்சாரமும் பொருள்களும் தடைப்பட்ட ஆண்டுகள் அதன் கல்வியைத் தாக்கின. அரசு 2009ஆம் ஆண்டினை ஆங்கிலத்துக்கும் தகவல் தொழினுட்பத்துக்கும் உரிய ஆண்டாகப் பிரகடனஞ் செய்தது. அதே ஆண்டில் வன்னிப் பிள்ளைகள் பலர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் தற்காலிகக் கொட்டில்களில் அமர்ந்து படித்தனர். கனகராஜாவின் மாணவர் எத்துணை இடரிடையேயும் பல்கலைக்கழக வாயிலைக் கடந்தவர்கள்; இப்பிள்ளைகளோ அவ்வாயிலுக்கு வெளியே நின்றவர்கள்.

இன்று அவ்வாயில் அவர்களது மண்ணிலேயே உள்ளது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியற் பீடங்கள் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. விவசாயமும் பொறியியலும் ஆங்கிலத்திற் கற்பிக்கப்பட, அயற்கிராமத்துப் பிள்ளைகள் தமிழிற் பயில்கின்றனர். க.பொ.த. சாதாரண தரத்தில் ஆங்கிலம் சித்தியடையாமலே உயர்தரத்துக்குச் செல்லலாம். ஆதலின், பின்தங்கிய மாணவர் எளிதிற் கைவிடும் பாடம் அதுவாகிறது. கைவிட்டதன் விலை பின்னரே தெரியவருகிறது.

2020 மார்ச்சில் கொவிட்-19 காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கற்பித்தல் பெரும்பாலும் வட்ஸ்அப் குழுக்களுக்கு மாறிற்று. ஆசிரியர் பாடத்தைப் படம்பிடித்து அனுப்புவார். பிள்ளை அதனைக் கொப்பியிற் பார்த்தெழுதிப் படம்பிடித்துத் திருப்பி அனுப்பும். ஒரே கைத்தொலைபேசியைப் பல பிள்ளைகள் பகிர்ந்த வீடுகளும், தந்தை வேலை முடிந்து வரும்வரை தொலைபேசியே இல்லாத வீடுகளும் இருந்தன. கருவியின்மையே குறை என்று இதனை முடித்துவிடுதல் எளிது. கனகராஜாவின் நூல் இன்னொன்றையும் காணச் செய்கிறது. அழகாகப் பார்த்தெழுதிய பக்கத்தின் ஓரத்தில் எதுவுமில்லை. பிள்ளைக்கு விளங்கிற்றா, சலித்ததா என்பது ஆசிரியருக்கு எட்டாது. கரும்பலகையைப் பார்த்தெழுதுவதே பாடமாயின் வகுப்பறையிலும் இதுவே நிலை. எனவே இணையமா வகுப்பறையா என்ற வினாவினும், பிள்ளையின் குரல் ஆசிரியருக்குத் திரும்பி வருகிறதா என்ற வினாவே முதன்மையானது.

அக்குரல் திரும்பி வருதற்குச் சில வழிகள் உள. முதலாவது, தமிழைக் கருவியாகக் கொள்ளல். ஆங்கில வகுப்பில் ஆசிரியர் தமிழில் விளக்குவதும் பாராட்டுவதும் பயனற்ற செயல்களல்ல என்பதைக் கனகராஜா 1995இல் எழுதிய கட்டுரையொன்றும் காட்டுகிறது. 'எனக்குப் பசிக்கிறது' என்னும் தமிழ்த் தொடரில் 'எனக்கு' என்பது நான்காம் வேற்றுமை. ஆங்கிலத்தில் பசித்தவரே எழுவாயாவார். இதனைத் தமிழில் இரண்டு நிமிடத்தில் விளக்கினால் ஓராண்டுப் பிழை தவிர்க்கப்படும். தெருவில் ஆங்கிலம் கேளாத ஊரில் இலக்கணமே மாணவர்க்குப் பற்றுக்கோடாதலின், அதனைப் பழமையென்று தள்ளுதல் பொருந்தாது.

இரண்டாவது, குரற்பதிவு. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஒவ்வொருவரும் பேசும் வாய்ப்பு அரிது. அரைநிமிடக் குரற்பதிவுக்குச் செலவு சிறிது. கூச்சமுள்ள பிள்ளை அதனை அழித்து மீண்டும் பேசலாம். தொலைபேசி இல்லாதவர் அயல்வீட்டுப் பிள்ளையோடு சேர்ந்து பேசலாம். வகுப்பறையில் இருவர் இருவராகப் பேசலாம்.

மூன்றாவது, பிள்ளைகளின் சொற்களைப் பாடமாக்கல். இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறக்கப்பட்ட நாளையோ வற்றாப்பளைப் பொங்கலையோ அவர்கள் தமிழிற் சொல்ல, ஆசிரியர் அவர்களோடு சேர்ந்து அதனை எளிய ஆங்கிலத்திற் கரும்பலகையில் எழுதினால், இலவசப் பாடநூலோடு இன்னொரு வாசிப்புப் பாடமும் கிடைக்கும். ஓரத்தில் நின்றது பக்கத்தின் நடுவுக்கு வருவது இவ்வாறே.

ஆனால் உள்ளூர்ப் பொருளோடு நின்றுவிடுதலும் ஏமாற்றாகும். பொறியியல் விரிவுரை இரணைமடுவைப் பற்றி மட்டும் அமையாது. ஊரிலிருந்து தொடங்கிய வாசிப்பு உலகத்தைச் சென்றடைதல் வேண்டும். மேலும், நீண்டகாலமாக எழுத்துத் தாள்களையே நம்பிய சாதாரண தரத் தேர்வு பேச்சுக்கு மதிப்பளிக்கவில்லை. தேர்வு கேளாததை ஆசிரியர் கற்பிக்க வேண்டுமென எதிர்பார்த்தல் நியாயமன்று. இத்தகைய நிறுவனத் தடைகளை ஆசிரியரின் முயற்சி ஒன்றினால் மட்டும் நீக்கிவிட முடியாது.

எவ்வாறாயினும், அறிவியல் நகரின் விரிவுரை மண்டபத்தில் அயற்கிராமத்துப் பிள்ளையும் அமர வேண்டுமாயின், ஆறாந் தரத்திலேயே அப்பிள்ளை தட்டுத்தடுமாறிப் பேசும் ஆங்கிலத்தைப் பொறுமையோடு கேட்பதற்கு ஓர் ஆசிரியர் இருத்தல் வேண்டும்.